தேயிலைத் தோட்டத்தில் ஒரு கலங்கரை வில்லை

உங்களில் பலர் உண்மையான கண்ணாடி வில்லை ஒன்றைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் பணிக்கு வந்த காலத்தில் பல கலங்கரைக் கோபுரங்களில் எல்.ஈ.டி. விளக்கு வந்துவிட்டது. ஒரு சோற்றுப் பானை அளவுதான் இருக்கும். தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிவிடலாம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூரையைத் தொடும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஒவ்வொரு பட்டகமாகத் துடைத்தவன் நான். அந்த முதுகு வலி உங்களுக்கு வர வேண்டாம். ஆனால் அந்தப் பழைய கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. உங்கள் பிளாஸ்டிக் வில்லைக்கும் அதே குணம்தான். அதை மறந்தால் என்ன நடக்கும் என்பதை நான் கடற்கரையில் பார்க்கவில்லை. கடலே தெரியாத மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் பார்த்தேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஆண்டுகளைச் சரியாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

பெரிய வில்லை என்றால் பெரிய கனம். ஆனால் ஒளியை வளைப்பது கண்ணாடியின் வயிறு அல்ல, அதன் மேற்பரப்பு. அப்படியானால் வயிற்றை வெட்டி எடுத்துவிட்டு மேற்பரப்பை மட்டும் படிப்படியாக வைத்துக்கொண்டால் என்ன? 1748லேயே பிரான்சில் ஒருவர் இதைச் சொல்லிவிட்டார். அதைக் கோபுரத்தில் ஏற்றிக் காட்ட 1823 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காட்டியவர் வீதிகளும் பாலங்களும் கட்டும் ஒரு பொறியாளர். நெடுநாள் நோயாளி. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள்தான் உயிரோடு இருந்தார். ஒரே கண்ணாடியில் படிகளைச் செதுக்குவது பெரும்பாடு என்பதால், வளையம் வளையமாகத் தனித்தனியே தீட்டிப் பிறகு ஒட்டினார். இலங்கையில் அட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். தேவேந்திரமுனைக் கோபுரம் ஒளி ஏற்றியது 1890இல். எங்கள் ஆட்கள் மலையில் தேயிலைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், தெற்குக் கரையில் அந்தக் கண்ணாடிகள் பெட்டி பெட்டியாக இறங்கிக்கொண்டிருந்தன. நான் அட்டனுக்குப் பக்கத்தில் வட்டவளையில் பிறந்தவன். இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இனி அந்தக் குணம். வில்லைக்கு ஓர் இடம் உண்டு. அங்கே சுடரை வைத்தால், சிதறிப் போகிற ஒளியெல்லாம் திரண்டு ஒரே பக்கமாக வெளியே போகும். இதை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வருகிற ஒளியும் அதே வழியில் திரும்பி அதே இடத்தில் வந்து குவியும் என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். இரவில் கடலுக்குப் போகிற பாதை, பகலில் சூரியன் உள்ளே வருகிற பாதை. காலையில் விளக்கை அணைத்ததும் கண்ணாடிக்குத் திரை போடுவது எங்கள் வழக்கமாக இருந்தது இதனால்தான். தூசிக்காக என்று நினைத்துக்கொண்டு போட்டவர்களும் உண்டு. போட்டால் சரி.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, மாசி மாதம், சிவராத்திரிக்கு முந்திய வாரம். லீவு எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவளைக் கட்டிக் கொடுத்திருப்பது அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மழை விட்டு நாளாகியிருந்தது. பத்தனைப் புல்வெளியில் மானாப்புல் வெளுத்துப்போய் நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கரி வாடை அடித்தது. தொழிலாளர் லயத்துக்கு மேலே பங்களா வரைக்கும் சரிவு முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

நான் போனதற்கு முதல் நாள் பின்னேரம் தீ பிடித்திருக்கிறது. பங்களா முற்றத்தின் ஓரத்தில் ஆரம்பித்து, புல்லில் இறங்கி, லயத்து ஆட்கள் போட்டிருந்த மரக்கறித் தோட்டங்களையும் ஒரு மாட்டுப்பட்டியையும் தின்றுவிட்டு, லயத்தின் கூரைக்குச் சற்று மேலே நின்றிருக்கிறது. மாடுகளை அவிழ்த்துவிட்டதால் பிழைத்தன. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

பழி வேலாயுதத்தின் மேல். தங்கச்சி வீட்டுக்கு அடுத்த காம்பராக்காரர். பங்களாத் தோட்டத்தில் பூச்செடி பார்க்கிற வேலை அவருக்கு. சருகைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கம் உண்டு. இந்த வெயிலில் கொளுத்தாதே என்று தோட்டத்தை நடத்துகிற துரை முந்திய வாரம்தான் ஏசியிருக்கிறார். தீ பிடித்த நேரத்தில் முற்றத்தில் இருந்ததும் அவர் ஒருவர்தான். நான் போய்ச் சேர்ந்த அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு எல்லார் பெயரையும் கூப்பிட்டுவிட்டு அவர் பெயரை மட்டும் கூப்பிடாமல் விட்டிருக்கிறார். அடுத்த நாள் பெரட்டு முடிந்ததும் பொலிசில் முறைப்பாடு கொடுப்பதாகத் துரை சொல்லிவிட்டார். அது நடந்தால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கிற காம்பராவும் போகும்.

லயத்திலும் யாரும் அவர் பக்கம் நிற்கவில்லை. நான் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, பீன்ஸ் கொடியெல்லாம் எரியக் கொடுத்த ஒரு அம்மா அவர் வீட்டைப் பார்த்து, குளிருக்கு நெருப்புக் காய எங்க தோட்டந்தான் கெடைச்சிச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். 

தங்கச்சி தேத்தண்ணி ஊற்றி அவரையும் கூப்பிட்டாள். அவர் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நான் கேட்டது ஒரே கேள்விதான். தீ சரியாக எந்த இடத்தில் பிடித்தது?

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலங்க," என்றார். "டூரிஸ்ட்டுங்க படம் புடிக்கட்டும்னு தொரை எங்கயோ கடையில வாங்கியாந்து வச்சிருக்காரே, அது. வளையம் வளையமா வெட்டியிருக்கும். நடுவுல பெரிய மாட்டுக்கண்ணு மாதிரி உருண்டையா நிக்கும். முந்தாநாள் வரைக்கும் அதுல சுண்ணாம்பும் பாசியும் அப்பிக் கெடந்துச்சு. நேத்துக் காலையிலதான் தேய்ச்சுக் கழுவுனேன். பளபளன்னு வந்திருச்சு, அண்ணே."

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவரை அழைத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன். முற்றத்தின் கிழக்கு ஓரத்தில் இரும்புச் சட்டத்தில் நின்றது அது. சந்தேகமே இல்லை, கலங்கரை வில்லையின் ஒரு பலகை. என் கைக்குப் பழகிய சாமான். ஏதோ ஒரு கோபுரத்தைக் கழற்றியபோது பழைய இரும்புக்காரர் கைக்குப் போயிருக்க வேண்டும். வேலை தெரிந்தவன் அதை நிமிர்த்தி, தொடுவானத்தைப் பார்க்க வைப்பான். இவர்கள் படச்சட்டத்தைச் சாய்த்து வைப்பதுபோல மல்லாக்கச் சாய்த்து, மேற்கு வானத்தைப் பார்க்க வைத்திருந்தார்கள். பின்னால் புல் எரிந்த அடிக்கட்டை மட்டும் மிச்சம். அந்தப் புல்லை வெட்டவா என்று வேலாயுதம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். படத்துக்கு அழகாக இருக்கிறது, விடு என்று பதில் வந்திருக்கிறது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் எனக்கு விளங்கியதால் வேலாயுதத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மறுநாள் பின்னேரம் வரை பொறுத்து, வெயிலில் ஒரு பிடி காய்ந்த புல்லை வைத்தால் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். முறைப்பாடோ காலையில் போகிறது. அன்றைக்கு மூன்று மணிக்கே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

தங்கச்சி புருஷன் ஒரு யோசனை சொன்னார். "நீங்க கவுர்மெண்டு ஆளு, மச்சான். கண்ணாடிதான் பத்த வச்சிச்சின்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தொரை நம்பிருவாரு."

நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். தீ பிடித்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டால், ஒரு கேள்வியில் அந்தக் கடிதம் கிழிந்துவிடும். அதோடு வேலாயுதமும் கிழிந்துவிடுவார். தம்பிமாரே, தங்கைமாரே, நம் வேலையில் உங்களிடம் இப்படிக் கையெழுத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அதனால்தான் மறுப்பது கஷ்டம்.

சூரியன் இல்லை. ஆனால் பாதை இருக்கிறதே. உள்ளே வந்த ஒளியின் பாதையை வெளியே போகிற ஒளியைக்கொண்டு காட்ட முடியாதா? நாற்பது வருஷமாக நான் செய்த வேலையே அதுதானே. மூடுபனி சூரியனை மறைக்கும். ஒளிக்கற்றையை மறைக்காது, வரைந்து காட்டும்.

செய்வதற்கு முன்னால் வேலாயுதத்திடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழுவியது அவர். பாசி படிந்திருந்த வரைக்கும் அது வெறும் அலங்காரம். அவர் கழுவிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. நான் விளக்கை வைத்துக் காட்டினால் அந்தக் கேள்வியும் வரும். காட்டவா, வேண்டாமா என்று கேட்டேன்.

வேலாயுதம் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"கழுவுனதுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுக்கட்டுங்க. பத்த வச்சேன்னு மட்டும் சொல்லக் கூடாது. அந்த லயத்துலதான் நான் பொழங்கணும்."

துரையைக் கூப்பிட்டு அனுப்பினோம். சிங்களவர், சின்ன வயது, நல்லாத் தமிழ் பேசுவார். அவரோடு கண்டாக்கும் வந்தார். பங்களாவில் சமைக்கிற குசினிக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சத்தம் கேட்டு லயத்திலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். பீன்ஸ் அம்மாவும் வந்திருந்தார்.

நான் யார், என்ன வேலை என்று சொன்னேன். துரை நேராகவே கேட்டார், இந்த மனுஷன் நெருப்பு வைக்கவில்லை என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா என்று. முடியாது என்றேன். கண்டாக்கு சிரித்தார்.

"அப்ப என்னத்துக்கு எங்களக் கூப்பிட்டீங்க, பொருட்காட்சி பாக்கவா?"

"ஆமாங்க," என்றேன். "டிக்கெட் வேணாம். ஒரு டார்ச் மட்டும் போதும்."

பாக்டரி வாச்சரிடம் பெரிய டார்ச் ஒன்று இருந்தது. அதன் தலையைத் திருகி, பளபளக்கும் குழிக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவிட்டேன். விளக்குக்குச் சொந்தக் குழியாடி இருந்தால் வில்லையின் வேலை தெரியாது. பொட்டு விளக்கு மட்டும் வெறுமையாக நின்றது. பிறகுதான் நான் அன்றைக்கு எடுத்த நல்ல முடிவு. டார்ச்சை நான் பிடிக்கவில்லை. வேலாயுதத்திடமும் கொடுக்கவில்லை. துரையிடம் நீட்டினேன்.

"தீ புடிச்ச எடம் நேத்துப் பாத்தது நீங்கதான், சேர். எங்கன்னு நீங்களே சொல்லுங்க. புல்லு எவ்வளவு ஒசரம் நின்னுச்சுன்னு அந்தப் படிக்கட்டு ஓரத்துல எரியாம நிக்கிற புல்லப் பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க. அந்த எடத்துல, அந்த ஒசரத்துல டார்ச்சப் புடிங்க. நான் கிட்டயே வர மாட்டேன்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு எரிந்த இடத்தில் குந்தினார். கறுத்த அடிக்கட்டைகளுக்கு நடுவே ஒரு இடத்தைத் தானே தேர்ந்து, புல்லின் உயரத்துக்குக் கையைத் தூக்கினார். இருட்டிக்கொண்டு வந்தது. அவர் டார்ச்சை அழுத்தினார்.

முதலில் வில்லை முழுக்க ஒரு மங்கலான வெளிச்சம், அவ்வளவுதான். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கச் சொன்னேன். ஒரு விரல்கடை இழுத்திருப்பார். வளையங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு, கண்ணாடி முழுவதும் ஒரே தட்டாக எரிந்தது. அதன் முகத்திலிருந்து வெள்ளைத் தூண் ஒன்று சாய்வாகக் கிளம்பி, மூடுபனிக்குள் மேலேறி, முற்றத்துக்கு மேற்கே நிற்கும் பெரிய யூகலிப்டஸ் மரத்தின் உச்சிக்குச் சற்று மேலே போய்க் கரைந்தது.

 நான் எத்தனையோ கோபுரங்களில் எத்தனையோ இரவு அந்த ஒளியைப் பார்த்திருக்கிறேன். தேயிலை மலைக்கு மேலே அது போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஒரே ஒரு விளக்கம் சொன்னேன். இந்த இடத்திலிருந்து வெளிச்சம் எங்கே போகிறதோ, அங்கே சூரியன் நிற்கும்போது அதன் சூடு முழுக்க இந்த இடத்துக்குத்தான் வரும். இதைவிட எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மரத்து உச்சியில் எத்தனை மணிக்குச் சூரியன் நிற்கும் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

குசினிக்காரர் வாயைத் திறந்தார். "நாலு மணிக்குங்க. தெனம் அந்த மரத்து மண்டையில வெயில் வந்ததும்தான் வெராந்தாத் திரைய எறக்குறேன். டூரிஸ்ட்டுங்க முகத்துலயே அடிக்கும்."

கண்டாக்கு துரையைப் பார்த்தார். முந்திய நாள் நான்கு மணிக் கொழுந்து நிறுவையில் தராசடியில் நின்றுகொண்டிருந்த இரண்டு பேரும்தான் முதல் புகையைப் பார்த்தவர்கள்.

துரை டார்ச்சை அணைக்கவில்லை. கை வலித்திருக்க வேண்டும், தூண் மெல்ல நடுங்கியது. "இவ்வளவு நாள் இருந்துச்சே, ஏன் நேத்து மட்டும்?" என்று கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் வேலாயுதம் முன்னால் வந்தார்.

"நேத்துத்தானுங்க கழுவுனேன். நான்தான்."

துரை அவரை நிமிர்ந்து பார்த்தார். "கழுவச் சொன்னது நான்," என்றார். பிறகு, "புல்லை வெட்ட வேணாம்னு சொன்னதும் நான்தான்," என்றார். டார்ச்சை அணைத்து எழுந்தார்.

இதை எதற்கு உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், உங்களுக்கும் ஒருநாள் உங்கள் வேலையை நம்பாத ஒருவர் முன்னால் நிற்க வேண்டிவரும். வாதம் செய்யாதீர்கள். படிப்பைக் காட்டாதீர்கள். விளக்கை அவர் கையிலேயே கொடுங்கள். அவர் தேர்ந்த இடத்தில் அவரே பிடிக்கட்டும். உங்கள் கணக்குச் சரியென்றால் ஒளி போக வேண்டிய இடத்துக்குப் போகும். அந்தத் துரையிடம் நான் வாயால் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தன் கை நடுங்குவது மூடுபனியில் தெரிந்ததை அவரால் மறுக்க முடியவில்லை.

அன்றே வில்லையைக் கோணிச் சாக்கால் போர்த்திக் கட்டினோம். கட்டும்போது கண்டாக்கு வேலாயுதத்தின் முதுகில் தட்டி, சரி சரி, முறைப்பாடு இல்லை, நாளைக்கு வேலைக்கு வா, முடிந்தது விஷயம் என்றார். வேலாயுதம் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். 

விடிந்ததும் அட்டனுக்குப் போகிற முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். பஸ் நிற்கிற இடம் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில்தான். குளிரில் எல்லாரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். துரையும் வந்திருந்தார், ஓரமாக மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு. கண்டாக்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, எந்த மலைக்கு, என்ன வேலை என்று பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"வேலாயுதம். பங்களாத் தோட்டம்."

வரிசையிலிருந்து குரல் வரவில்லை. ஆள் நிற்பது எல்லாருக்கும் தெரிந்தது. கண்டாக்கு திரும்பவும் கூப்பிட்டார்.

"வேலாயுதம், காது கேக்கலையா?"

"கேக்குதுங்க, ஐயா," என்றார் வேலாயுதம். "நேத்து இதே எடத்துலதான் எம்பேர உட்டீங்க. ஏன் உட்டீங்கன்னு இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு ஏன் கூப்பிடுறீங்கன்னு தெரியாதவங்க பாதிப் பேரு நிக்கிறாங்க. அதையும் சொல்லிட்டுக் கூப்பிடுங்க."

கண்டாக்கு துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை தலையை மட்டும் ஆட்டினார்.  கண்டாக்கு வரிசையைப் பார்த்து, பெயர் கூப்பிடுகிற அதே உரத்த குரலில் சொன்னார்.

"முந்தாநாள் நெருப்பு வச்சது வேலாயுதம் இல்ல. கண்ணாடியில பட்ட வெயிலு. வேலாயுதம், பங்களாத் தோட்டம்."

"வந்திட்டேங்க," என்று சொல்லிவிட்டு, வேலாயுதம் புல் வெட்டுகிற கத்தியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு நடந்தார். பீன்ஸ் அம்மா அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.